இருட்டா இருந்தா நல்லா இருக்கார்

— அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க. இன்னொரு தடவ பாத்துட்டு சொல்றேன்.

— காலையிலேருந்து இதையேதான் சொல்ற. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்னு நின்னு எனக்குக் கால் மரத்துப் போச்சு. எரியுதா, எரியலையா? ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி, நான் போய் என் கண்ணாடிய கழுவறேன்.

— எரியுது.

— யாரோடது?

— டிரைவரம்மாவோடது.

— டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்குடுக்குமே, அந்தப் பொண்ணா?

— அதே பொண்ணுதான்.

— மத்தவங்களது?

— எல்லாம் இருட்டு. பேங்க் அம்மா, காலேஜ் பொண்ணு, அந்த ரெட்டைச் சடை டீச்சர், எல்லாரும் தூங்கறாங்க. இது ஒண்ணுதான் முழிச்சிருக்கு.

— அப்படின்னா தப்பு என்னோடதாத்தான் இருக்கும். நேத்து கண்ணாடி கழுவும்போது ஒரு தும்மல் வந்துச்சு. முகத்த அந்தப் பக்கம் திருப்பிட்டேன், முகமூடியும் போட்டிருந்தேன். ஆனா தும்மல் தும்மல்தான். பொய் சொல்ல மாட்டேன்.

— நீங்க தும்மியிருந்தா எல்லாமே எரியணும் அண்ணே. ஒரே தொட்டியில கழுவினது, ஒரே தட்டுல காய வெச்சது. வெறும் தண்ணி விட்டு வெச்ச கண்ணாடியும் பக்கத்துலதான் இருக்கு. அதுவும் இருட்டு.

— சோப்பு?

— சோப்பு போட்டீங்களா?

— செத்தாலும் போட மாட்டேன். ஒரு தடவ போட்டதுக்கு நீ ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த.

— சோப்பு பட்டா படிகமெல்லாம் இஷ்டத்துக்கு நிக்கும். நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. இது அப்படியில்ல. சுத்தமா, ஓரத்துலேருந்து நடு வரைக்கும் எரியுது. பெட்டி திறந்திருக்கு.

— பெட்டி பெட்டின்னு நீயும் சொல்ற, நானும் தலைய ஆட்டறேன். எனக்கென்ன, நான் கண்ணாடிக்காரன். ஆனா ஆம்பளன்னு சொல்லி என்னை வருஷக்கணக்கா அந்த ரூமுக்குள்ள விடாம வெச்சிருக்கியே, அதுக்காவது ஒழுங்கா ஒரு தடவ சொல்லு.

— எத்தன தடவ சொல்றது?

— புரியற வரைக்கும். என் பொண்டாட்டி கூட என்னை இப்படி ஒதுக்கி வெச்சதில்ல. காரணம் தெரிஞ்சா மனசு ஆறும்.

— சரி. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல திரவப் படிகம் இருக்கு. டிவி திரைக்குள்ள இருக்கே, அந்த ஜாதி. தண்ணி மாதிரி ஓடும், ஆனா வரிசையில நிக்கும். அது நிமிந்து நின்னா வெளிச்சம் உள்ள வராது, இருட்டு. சாஞ்சா வெளிச்சம் வரும்.

— அது வரைக்கும் எனக்குத் தெரியும்.

— அதுக்குக் கீழ டிஎன்ஏவையே காகிதம் மாதிரி மடிச்சு, குட்டிப் பெட்டி பண்ணி ஒட்டி வெச்சிருக்கோம். பெட்டிக்கு ஒரு பூட்டு. ஆம்பளைக்கு மட்டும் இருக்கற ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கு, அதுதான் சாவி. ரத்தத்துல அந்தத் துண்டு வந்துச்சுன்னா பெட்டி திறக்கும், உள்ள இருக்கற நூல் வெளிய வந்து படிகத்த இடிக்கும். ஒண்ணு சாஞ்சா பக்கத்துல இருக்கறதும் சாயும். இப்படியே மொத்த வரிசையும் படுத்துடும்.

— க்யூவுல ஒருத்தன் எட்டிப் பாத்தா எல்லாரும் எட்டிப் பாப்பானே, அந்த மாதிரி.

— அதேதான். எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் பட்டன் மாதிரின்னு சொல்வார். விரலால ஒரு அழுத்து, அவ்ளோ பெரிய பெட்டி அசையுது பாரும்பார்.

— ம். அவர் பேச்சே இன்னைக்கு வேணாம்னு பாத்தேன், நீயே எடுத்துட்ட.

— சும்மா வந்துடுச்சு.

— சும்மா வரல. இங்க பாரு தங்கச்சி. இந்த ஆராய்ச்சியில இருக்கறது எல்லாம் பொம்பளைங்க. எல்லாரும் செத்துப்போன ஆம்பளைங்க கிட்னிய வாங்கி வெச்சுக்கிட்டவங்க. அவங்க ரத்தத்துல ஆம்பளத் துண்டு நிறைய வந்துச்சுன்னா, அந்தக் கிட்னி உடையுதுன்னு அர்த்தம். உடம்பு அதைத் தின்ன ஆரம்பிச்சிடுச்சு. சரியா சொல்றேனா?

— சரிதான்.

— டிரைவரம்மா உடம்புல இருக்கறது உன் வீட்டுக்காரர் கிட்னி.

— மெதுவா பேசுங்க.

— இங்க யாரு இருக்கா? நீ, நான், அந்த மைக்ராஸ்கோப்பு. மூணு பேருக்கும் தெரிஞ்சதுதான். எரியுதுன்னு காலையிலேயே உனக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்கு இன்னும் ரிசல்ட் போகல. ஏன்?

— உறுதி பண்ணிக்கணும்னு.

— பொய்.

— பாதி பொய்.

— மீதி?

— மீதி, நான் பாத்துக்கிட்டே இருக்கேன் அண்ணே. கண்ண எடுக்க முடியல.

— அப்படி வா வழிக்கு.

— திட்டறதா இருந்தா திட்டுங்க.

— திட்டி என்ன ஆகப்போவுது. அந்த டீயாவது குடி. ஆறி ஏடு கட்டிப் போச்சு.

— ரெண்டு வருஷமா மாசாமாசம் அவ ரத்தத்த வெச்சு இந்த மைக்ராஸ்கோப்புக் குழாய்ல கண்ண வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் இருட்டு. இருட்டா இருந்தா நல்லா இருக்கார். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நிம்மதியா வீட்டுக்குப் போயி, செருப்பக் கழட்டி, லைட்டப் போடாம உக்காந்திருப்பேன். வீட்டுலயும் இருட்டு, இங்கயும் இருட்டு. ஒரே ஒரு தடவ, சண்டை போடறதுக்காவது தலையக் காட்டக் கூடாதான்னு இருக்கும்.

— தலையக் காட்டினா சாகறார். உன் மிஷின அப்படித்தானே பண்ணி வெச்சிருக்க.

— அவருக்காகப் பண்ணினது இல்ல இது. அவர் நல்லா இருக்கும்போதே பண்ணினது. வாசல்ல பைக்க வெச்சுக்கிட்டு, இன்னும் எவ்ளோ நேரம்டின்னு ஹாரன் அடிப்பார், நான் உள்ள இந்தப் பெட்டிய மடிச்சுக்கிட்டு இருப்பேன்.

— ஒரு தடவ செத்தது போதாதா? இப்ப ரெண்டாவது தடவ, அதையும் உக்காந்து ரசிச்சுக்கிட்டு இருக்கே. கோவிச்சுக்காத. நான் இப்படித்தான் பேசுவேன்.

— தெரியும். அதான் உங்ககிட்ட சொல்றேன்.

— எப்படி இருக்கு?

— எது?

— அந்த வெளிச்சம். எனக்கு எப்பவும் இருட்டான கண்ணாடியத்தானே ஜன்னல் வழியா திருப்பித் தருவே.

— ஊதா, அதுக்குள்ள மஞ்சள், நடுவுல கொஞ்சம் பச்சை. ரோட்டுல பெட்ரோல் சிந்தி மழை பெஞ்சா தெரியுமே, அப்படி.

— அந்த மழையப் பத்தியும் பேசாத.

— இல்ல, பேசல.

— அனுப்பு தங்கச்சி. டாக்டரம்மா இடுப்புல ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பாப்பாங்க. மருந்த ஏத்துவாங்க. காப்பாத்தினாலும் காப்பாத்திடலாம்.

— அந்த மருந்து லேசுப்பட்டது இல்ல. கிட்னிய காப்பாத்தறேன்னு ஆளையே படுக்க வெச்சிடும். அதான், இன்னொரு துளி ரத்தம் எடுத்து, வேற தட்டுக் கண்ணாடியில வெச்சுப் பாத்துட்டு அனுப்பறேன். அவள வரச்சொல்லியிருக்கேன்.

— எப்ப?

— இப்பதான் வர்ற நேரம்.

— வந்தாச்சு. வாசல்ல எவனோ ஒரு பையன் காரப் பின்னால எடுக்கத் திணறிக்கிட்டு இருக்கான், இவ பக்கத்துல உக்காந்து கொட்டாவி விடறா. தங்கச்சி, ஒண்ணு கேளு. நீ யாருன்னு அவகிட்ட வாயத் திறக்காத. குடுத்தவங்க வீடும் வாங்கினவங்க வீடும் ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சுக்கக் கூடாதுங்கறது சட்டம். தெரிஞ்சா அன்னைக்கே உன்னை இந்த ரூமுக்கு வெளிய நிக்க வெச்சிடுவாங்க. அப்புறம் நீயும் நானும் சேந்துதான் கண்ணாடி கழுவணும்.

— நானா தேடிப் போகல. அவளே சொன்னதுதான். வார்டுல நர்ஸுங்க பேசிக்கிட்டாங்களாம், லிஃப்ட் மெக்கானிக், மழையில பைக் சறுக்கினதுன்னு. அன்னைக்கு இந்த ஊர்ல எத்தன லிஃப்ட் மெக்கானிக் செத்திருப்பான்?

— நான் அதைக் கேக்கல. வாயத் திறக்காதன்னு சொல்றேன்.

— ரெண்டு வருஷமா திறக்கல. இன்னைக்கா திறக்கப் போறேன்.

— என்ன கண்ணாடி அண்ணே, இன்னும் உங்கள உள்ள விடலையா?

— வாம்மா டிரைவரம்மா. நான் பண்ணின பாவம், ஆம்பளையாப் பொறந்துட்டேன். இந்த ரூமுக்குள்ள கொசு கூட பொம்பளக் கொசுதான் போகலாம்.

— நல்லா வேணும். எங்க ஸ்கூல்ல பொம்பளைங்க ஓட்டினா சிரிக்கறாங்கல்ல, அதுக்கு இது சரியாப் போச்சு. அக்கா, உள்ள வரலாமா?

— வாம்மா. செருப்ப அங்கயே விட்டுட்டு, அந்தக் கோட்டப் போட்டுக்கோ. ஸ்டூல்ல உக்காரு.

— இந்த மாசத்துக்கு ரத்தம் குடுத்தாச்சேக்கா. பால்காரர் மாதிரி தினம் ஊத்தணுமா இனிமே?

— ஒரு சின்ன சந்தேகம். எந்தக் கை?

— இந்தக் கை. மத்தது கியர் போடற கை, வலிச்சா பொழப்பு போயிடும். வெளிய நிக்கறானே ஒருத்தன், அந்தப் பையன் கிளட்ச்ச அமுக்கினா விட மாட்டான், விட்டா அமுக்க மாட்டான். நான் காலையிலேருந்து பிரேக் மேலயே கால வெச்சிருக்கேன்.

— தங்கச்சி, நான் ஜன்னல சாத்தறேன். வேணும்னா தட்டு. புதுத் தட்டுக் கண்ணாடி அலமாரியோட கீழ் அறையில வெச்சிருக்கேன், நீயே எடுத்துக்கோ, என் கை இதுக்கு மேல அதுல பட வேணாம்.

— சரி அண்ணே.

— நல்ல மனுஷன். அக்கா, மெதுவா குத்துங்க.

— குத்தியாச்சு.

— அட. தெரியவே இல்ல. ஆஸ்பத்திரியில ஆணி அடிக்கற மாதிரி அடிப்பாங்க.

— மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறியா?

— அலாரம் வெச்சு. எங்க வீட்டுக்காரருக்குப் பேக்கரியில வேலை, விடியறதுக்கு முன்னாடி போயிடுவார். போறதுக்கு முன்னாடி தண்ணிய மூடி வெச்சுட்டுத்தான் போவார். ஒரு வேளை தப்பினதில்லக்கா.

— ஜுரம், கிட்னி வெச்ச இடத்துல வலி?

— ஒண்ணுமில்ல.

— யூரின் சரியா போவுதா?

— சூப்பரா. போகும்போதெல்லாம் ஒரு சபாஷ் போடுவேன் என் மெக்கானிக்குக்கு. எங்க வீட்டுக்காரர் பொறாமைப்படறார், என்னை ஒரு நாளாவது அப்படிப் பாராட்டினியான்னு.

— பாராட்டினா அவருக்குப் பிடிக்காது. காதைச் சொறிஞ்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவார்.

— யாரு?

— மெக்கானிக்குங்களே அப்படித்தான்னு சொன்னேன். பஞ்ச அழுத்திப் பிடி.

— அது சரி. எங்க ஸ்கூல் மெக்கானிக் பாராட்டினா அட்வான்ஸ் கேப்பான். அக்கா, நீங்க ஏன் இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கீங்க? பிரேக் புடிச்ச வண்டி மாதிரி.

— தூக்கம் சரியில்ல.

— பொய். அக்கா, எதுக்கு என்னை வரச்சொன்னீங்க?

— ஆஸ்பத்திரியில கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணினாங்க?

— நேத்துதான். கிரியேட்டினின் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆபரேஷன் ஆனதுலேருந்து இவ்ளோ குறைஞ்சதே இல்லன்னு அந்தப் பையன் டாக்டர் கூட ஆச்சரியப்பட்டார். என் மெக்கானிக் ஓவர்டைம் பாக்கறார்னு சொன்னேன், சிரிச்சார்.

— குறைஞ்சிருக்கா? ஏறலையா?

— குறைஞ்சிருக்குக்கா. குறைஞ்சா நல்லதுதானே?

— நல்லதுதான். ஆனா இடிக்குது.

— என்ன இடிக்குது? கிளட்ச்ச விட்டுட்டு நேரா பேசுங்க.

— இந்தக் குழாய்ல பாரு. ஒரு கண்ண மூடிக்கோ.

— என்னக்கா இது, இவ்ளோ அழகா இருக்கு. எப்பவும் இருட்டுதான் தெரியும்னு சொல்வீங்களே. யாரோடது?

— உன்னோடது. போன வாரம் எடுத்த ரத்தம்.

— என் ரத்தமா இப்படி மின்னுது?

— மின்னக் கூடாதும்மா. உன் ரத்தத்துல ஆம்பளைக்கு மட்டும் இருக்கற துண்டு நிறைய இருந்தாதான் இது இப்படி எரியும். அந்தத் துண்டு உனக்குள்ள வர்றதுக்கு இருக்கற ஒரே வழி, அந்தக் கிட்னி.

— என் மெக்கானிக்கா?

— ஆமா.

— அவர் ஏன் ரத்தத்துல வர்றார்? இருக்கற இடத்துல இருக்க வேண்டியதுதானே.

— உடையும்போது வருவார்.

— ஓ.

— இன்னும் உறுதி இல்ல. அதுக்குத்தான் மறுபடி எடுத்தேன்.

— நீங்க காலையிலேருந்து பாத்துட்டு இருக்கீங்க. உங்க கண்ணப் பாத்தாலே தெரியுது. அழுதிருக்கீங்க.

— குழாய்ல ரொம்ப நேரம் பாத்தா அப்படித்தான் ஆகும்.

— அக்கா, நான் ஒழுங்கா பாத்துக்கிட்டேன். சத்தியமா. உப்பு குறைச்சேன், தண்ணி குடிச்சேன், வெளிய ஒரு வாய் சாப்பிடல. கூட்டத்துக்குப் போகல. என் தம்பி கல்யாணத்துக்குக் கூட முகமூடி போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்துட்டு வந்தேன். வேற என்ன பண்ணியிருக்கணும், சொல்லுங்க.

— நீ ஒண்ணும் தப்பு பண்ணல.

— அப்புறம் ஏன் போறார்? என்கூட என்ன சண்டை அவருக்கு?

— தண்ணி குடி.

— ஊசி போடட்டும், எவ்ளோ வேணும்னாலும் மருந்து ஏத்தட்டும். மறுபடியும் டயாலிசிஸ் மிஷின்ல படுக்கறதுக்காகப் பயப்படல, அதை நான் பாத்தாச்சு. வேற ஒண்ணு. எங்கயோ ஒரு பொம்பள இருக்கா. புருஷன் சாகக் கிடக்கும்போது, தயங்காம கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா. நானா இருந்தா போட்டிருக்க மாட்டேன்க்கா. உருண்டு புரண்டு அழுதிருப்பேன், கிழிச்சுப் போட்டிருப்பேன். அவ குடுத்தத நான் தொலைச்சிட்டேன்னா, அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

— அவ கேக்க மாட்டா.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— குடுத்தத திருப்பிக் கேக்கறவ குடுத்திருக்க மாட்டா.

— ஒரு தடவ அவங்களப் பாக்கணும்னு ஆஸ்பத்திரியில எவ்ளோ கெஞ்சினேன் தெரியுமா. சட்டம் இல்லன்னுட்டாங்க.

— பாத்து என்ன சொல்வ?

— அதான் தெரியல. வண்டியில தனியா போகும்போது பேசிப் பாப்பேன். நன்றின்னு ஆரம்பிச்சா கடைக்காரர்கிட்ட மீதிச் சில்லறை வாங்கிட்டுச் சொல்ற மாதிரி இருக்கு. மன்னிச்சிடுங்கன்னு ஆரம்பிச்சா நான்தான் கொன்ன மாதிரி இருக்கு. அதனால இப்பல்லாம் சும்மா, அவர் நல்லா இருக்கார்க்கா, இன்னைக்கு மேம்பாலத்துல போனோம், இப்படி எதையாவது சொல்வேன்.

— ம்.

— அவர் மேம்பாலம் பாத்திருப்பாரா?

— அந்தப் பக்கம் ரெண்டு கட்டிடத்துல லிஃப்ட் அவர் மாட்டினதா இருக்கும். யாருக்குத் தெரியும்.

— அக்கா, அழறீங்களா?

— இல்ல. நான் யோசிக்கறேன். கொஞ்சம் பேசாம இரு. இல்ல, பேசு, கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. சமீபத்துல ரத்தம் ஏத்திக்கிட்டியா? யாராவது ஆம்பள ரத்தம்?

— இல்லக்கா. ஆபரேஷனுக்கப்புறம் ஒரு சொட்டு ஏத்தல.

— போன வாரம் ரத்தம் எடுத்தது யாரு?

— நீங்கதான். இதே ஸ்டூல்ல.

— நான்தான். ஆமா. வேற யாரும் அந்த ரத்தத்தத் தொடல. கிட்னி உடைஞ்சா கிரியேட்டினின் ஏறணும். பிரஷர்?

— அதுவும் குறைஞ்சிருக்கு. ஒரு மாத்திரையப் பாதியாக்கிட்டாங்க.

— பிரஷரும் குறைஞ்சிருக்கா. உடைஞ்சா அதுவும் ஏறணும். எல்லாம் தலைகீழா இருக்கு. உடம்புல வேற எதாவது மாறியிருக்கா? கிட்னிய விடு. எதுவா இருந்தாலும் சொல்லு.

— சொன்னா சிரிப்பீங்க.

— சிரிக்க மாட்டேன்.

— சீட் பெல்ட். போட்டா மார்ல உறுத்துது. வலின்னு இல்ல, தொட்டாலே சுருக்குன்னு இருக்கு. ரெண்டு மூணு வாரமா பெல்ட்ட அக்குளுக்குக் கீழ விட்டுக்கிட்டு, பசங்களுக்கு மட்டும் ஒழுங்கா போடுன்னு உபதேசம் பண்றேன். அப்புறம் சாயங்காலம் ஆனா கண்ணு சொக்குது. ரெட் சிக்னல்ல தூங்கிட்டேன் அன்னைக்கு. அந்தப் பையன்தான் எழுப்பினான்.

— மேல சொல்லு.

— அவ்ளோதான். மாத்திரை பண்ற வேலைன்னு விட்டுட்டேன்.

— பீரியட்ஸ் கடைசியா எப்ப வந்துச்சு?

— அதுக்கும் கிட்னிக்கும் என்னக்கா சம்பந்தம்?

— சொல்லு.

— இந்த மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்து அது இஷ்டத்துக்குத்தான் வருது. வந்தா வந்துச்சு, வராட்டி போச்சு. நான் கணக்கு வெச்சுக்கறதை விட்டுட்டேன். டாக்டரம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க, ரொம்ப ஆசை வெச்சுக்காதன்னு. வெச்சுக்கல. எங்க வீட்டுக்காரர் மட்டும் தெரு முனையில ஸ்கூல் வேன் நின்னா கொஞ்ச நேரம் பாத்துட்டு வருவார். நான் பாக்க மாட்டேன்.

— இங்க என்னைப் பாரு.

— ஏன் இப்படிப் பாக்கறீங்க? உங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களாக்கா? ரெண்டு வருஷமா வர்றேன், கேட்டதே இல்ல.

— இல்ல. அப்புறம் பாத்துக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தோம்.

— ஓ. தப்பா கேட்டுட்டனா?

— தப்பில்ல. தப்பு நாங்க பண்ணினது. இந்த ஆராய்ச்சியில உங்களையெல்லாம் சேக்கும்போது ஒரு கேள்வி கேட்டோம். இல்லன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் மறுபடி கேக்கணும்னு எங்க ஒருத்தருக்கும் தோணல. வெளிய ஒரு மனுஷன் தும்மினத உக்காந்து அலசிக்கிட்டு இருந்தோம்.

— என்ன கேள்வி? எனக்கு ஒண்ணும் புரியல.

— டாக்டரம்மாவுக்கு நானே போன் பண்றேன். நீ இங்கேருந்து நேரா அங்க போகணும். ஸ்கேன் பண்ணிப் பாப்பாங்க. அந்தப் பாதி மாத்திரை இல்ல, வேற ஒரு மாத்திரைய இன்னைக்கே மாத்த வேண்டியிருக்கும். நீயா எதையும் நிறுத்தாத, அவங்க சொல்றபடி செய். வண்டிய நீ ஓட்டாத.

— ஸ்கேனா? அப்ப போயிட்டாருன்னே முடிவு பண்ணிட்டீங்களா?

— இல்ல. கிட்னிக்கு ஒண்ணும் இல்ல. நல்லா வேலை செய்யுது. முன்ன விட அதிகமாவே செய்யுது. அது இருட்டாதான் இருக்கு.

— இப்பதான் எரியுதுன்னு காட்டினீங்க.

— எரியுது. ஆனா அது கிட்னியிலேருந்து வரல. நானும் காலையிலேருந்து அதுன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருந்தா கண்ணு அப்படித்தான் பாக்கும்.

— எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க? அக்கா, ஏன் சிரிக்கறீங்க? அழுதுக்கிட்டே ஏன் சிரிக்கறீங்க? எனக்குப் பயமா இருக்கு. ஆம்பளத் துண்டுன்னு நீங்கதான் சொன்னீங்க. மெக்கானிக் இல்லன்னா, என் உடம்புக்குள்ள வேற எந்த ஆம்பள இருக்கான்?

— கையக் குடு, பயப்படாத. அது என் வீட்டுக்காரர் இல்லம்மா, உன் புள்ள.